எரு அடுப்புக்கா, வயலுக்கா?

தமிழில் 'எரு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வயலுக்குப் போடும் உரமும் எருதான். அடுப்பெரிக்கத் தட்டிக் காயவைத்த சாணமும் எருதான். கொல்லையில் இருப்பது எருக்குழி. சுவரில் ஒட்டியிருப்பது எருமுட்டை. இந்த இரண்டாவதுக்கு வரட்டி, ராட்டி, எருவாட்டின்னு ஊருக்கு ஊர் பேர் மாறும். ஆனா மாடு போடுவது ஒரே சாணம். குழிக்குப் போனது அடுப்புக்கு வராது, அடுப்புக்குப் போனது வயலுக்கு வராது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மாடித்தோட்டம், வீட்டு உரம், எளிய வாழ்க்கை என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் கூடவே வருது: "அந்தக் காலத்துல எல்லாம் இயற்கையோட இயைஞ்சு வாழ்ந்தாங்க, எதுவும் வீணாகல." பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடி சில பழைய அறிக்கைகளையும் புத்தகங்களையும் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமாச் சொன்னா, எருக்குழியோட வரலாறு பாதிக்கு மேல் அடுப்போட வரலாறு.

முதலில் அந்த உண்மையான பாதியைப் பார்த்துடலாம். மாடு இருந்த ஒரு பழைய கிராமத்து வீட்டில் 'குப்பை' என்று நாம் இப்ப சொல்லும் பொருள் அநேகமாக இல்லை. அரிசி களைந்த கழுநீரும், வடித்த கஞ்சியில் மிஞ்சியதும், காய்த்தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க, மிச்சம் அவரைக்கும் கத்தரிக்கும் பூச்சிக்குத் தூவ. பாத்திரம் கழுவும் தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்கு. மாடு தின்னாமல் கழித்த வைக்கோல், கூட்டிப் பெருக்கிய சருகு, சாணம் எல்லாம் எருக்குழிக்கு. கோடையில் வண்டி கட்டி வயலுக்குப் போகும். 'குப்பை' என்ற சொல்லே பல ஊர்களில் எருவைத்தான் குறிக்கும். "குப்பை அடிச்சாச்சா?" என்றால் வயலுக்கு எரு கொண்டுபோய்க் கொட்டியாச்சான்னு அர்த்தம்.

அதோட நிற்கலை. ஏரி வற்றினால் வண்டல் அள்ளினார்கள். ராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டார்கள். வேம்பு, புங்கன், கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு என்று தழை வெட்டி நடவு வயலில் மிதித்தார்கள். உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லி வைத்திருப்பதால், இந்த அறிவு நேற்று வந்ததில்லை என்பதும் தெரியும்.

சரி, இவ்வளவு தெரிந்தவர்கள் சாணத்தை ஏன் எரித்தார்கள்? 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளுக்குச் சுலபமான பதில் ஒன்று இருந்தது. 'அறியாமை'. குடியானவனுக்கு உரத்தின் அருமை தெரியலை, பழக்கத்தை விட மாட்டேங்கிறான், அவ்வளவுதான்.

1889 கடைசியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் இந்தியாவுக்கு வந்தார். இங்கிலாந்தின் ராயல் வேளாண்மைச் சங்கத்துக்கு ஆலோசகராக இருந்த வேதியியல் அறிஞர். இந்திய விவசாயத்தை எப்படி முன்னேற்றலாம் என்று அறிக்கை தரச்சொல்லி அரசு அழைத்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார். 1893இல் அறிக்கை வெளியானது. படித்தால் ஆச்சரியமா இருக்கும். இந்திய விவசாயம் பின்தங்கியது, பழமையானது என்ற பொதுப் பேச்சை அவர் ஏற்கவில்லை. பல இடங்களில் இந்தக் குடியானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்ற தொனியிலேயே எழுதுகிறார்.

சாணம் பற்றிய இடத்துக்கு வரும்போது அவர் வயலை விட்டுவிட்டு விறகைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். விவசாயி சாணத்தை எரிப்பது விரும்பி அல்ல, விறகு கிடைக்காததால் என்பது அவர் முடிவு. அதனால் அவர் கேட்ட தீர்வும் உரத்தொழிற்சாலை இல்லை. ஊர்களுக்குப் பக்கத்திலேயே விறகுக்கும் தீவனத்துக்குமான காடுகளை உண்டாக்குங்கள் என்றார். வனத்துறை மரம் விற்று வருமானம் பார்ப்பதோடு நிற்காமல் விவசாயத்துக்கு உதவணும் என்பது அவர் வாதம்.

விறகு ஏன் கிடைக்கலை என்ற கேள்விக்கு மதராஸ் மாகாணத்திலேயே பதில் இருக்கு. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. ஊரார் விறகும் தழையும் எடுத்துவந்த காடுகள் பல 'ஒதுக்கப்பட்ட காடு' ஆயின. சட்டத்துக்கு முன்னாலேயே ரயில் வந்துவிட்டது. மதராஸில் ஆரம்ப கால ரயில் எஞ்சின்கள் பெரும்பாலும் விறகில் ஓடின. கடற்கரையோரம் நாம் பார்க்கும் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு ஒரு காரணமே ரயிலுக்கும் பட்டணத்துக்குமான விறகுத் தேவைதான். காடு மூடினால் விறகு மட்டும் போகலை, தழையுரமும் போச்சு. தழை போன இடத்தில் சாணம் கூடுதலாகத் தேவை. அதே சாணம் அடுப்புக்கும் தேவை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுபட்டது.

இதுக்கு மறுபக்கம் கொங்கு நாட்டில் இருக்கு. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீங்க. கிளுவை முள்ளில் உயிர்வேலி, உள்ளே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல். வேலியைக் கழித்தால் விறகு, மரத்தில் காய் ஆட்டுக்கு, புல் மாட்டுக்கு. இப்படி வேலியிலேயே விறகு இருக்கிற இடத்தில் சாணத்தை அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் குறையும். உயிர்வேலி போட நிலம் இருக்கணும். நிலம் இல்லாத வீட்டுப் பெண், ரோட்டில் போன மாட்டுச் சாணத்தைக் கூடையில் பொறுக்கி வந்து வரட்டி தட்டினாள். அவளிடம் போய் 'இதை உரமாக்கு' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அவளுக்கு வயலே கிடையாது. பால் சுண்டக் காய்ச்சவும் நெல் அவிக்கவும் நிதானமாக எரியும் அந்தத் தணல்தான் அவளுக்கு வேணும்.

இனி இந்தூருக்குப் போகணும். உலகம் முழுக்க இன்று 'கம்போஸ்ட்' என்று சொல்லும் விஷயத்தின் முக்கியமான அத்தியாயம் அங்கே எழுதப்பட்டது.

ஆல்பர்ட் ஹோவர்டு 1905இல் பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்தார். அதே வருடம் கேப்ரியல் மத்தேயியைத் திருமணம் செய்துகொண்டார். கேப்ரியல் கேம்பிரிட்ஜில் தாவர உடலியல் படித்து ஆய்வு செய்தவர். பிறகு அவருக்கும் அரசு அதே துறையில் பதவி கொடுத்தது. இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள், சேர்ந்தே எழுதினார்கள். 1924இல் இந்தூரில் தாவரத் தொழில் நிலையம் என்ற ஆய்வு நிலையத்தை ஆரம்பித்தார்கள். மால்வாவின் கரிசல் மண், முக்கியப் பயிர் பருத்தி.

அங்கே அவர்களுக்கு முன்னால் இருந்த கணக்கு வோல்க்கர் பார்த்த அதே கணக்குதான். சாணத்தில் பெரும்பங்கு அடுப்புக்குப் போய்விடும். மிச்சம் இருக்கும் கொஞ்சம் சாணத்தை வைத்து நிறைய எரு எப்படிச் செய்வது? அவர்கள் வகுத்த முறை இது. செடிகொடிக் கழிவு மூன்று பங்கு, சாணம் ஒரு பங்கு என்ற அளவில் அடுக்கணும். கூடவே மாட்டுத் தொழுவத்தில் கோமியம் ஊறிய மண், கொஞ்சம் விறகுச் சாம்பல், அளவான தண்ணீர். குழி 30 அடிக்கு 14 அடி. ஆழம் மட்டும் இரண்டு மூன்று அடிக்கு மேல் போகக்கூடாது, போனால் அடியில் காற்று புகாது. மூன்று தடவை புரட்டிப்போட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு தயார். பருத்திமார் மாதிரிக் கெட்டியான குச்சிகளை என்ன செய்தார்கள் தெரியுமா? பண்ணைப் பாதையில் பரப்பிவிட்டார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்களும் மாட்டுக் குளம்புகளும் நசுக்கிக் கொடுத்தன. தனியா ஒரு இயந்திரம் தேவைப்படலை.

இதில் கவனிக்க வேண்டியது கோமியம் ஊறிய மண். சாணம் அடுப்புக்குப் போனாலும் கோமியத்தை யாரும் எரிக்க முடியாது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கு. தொழுவத் தரையில் மண்ணைப் பரப்பி, ஊறியதும் அள்ளி, புது மண் போட்டால் அந்தச் சத்து கைக்கு வந்துவிடும். அடுப்போடு சண்டை போடாமல் வயலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இது முழுக்க அவர்கள் கண்டுபிடிப்பா என்றால், இல்லை. ஹோவர்டே அதை மறைக்கலை. அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். எச். கிங், சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் எப்படி எதையும் வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்பினார்கள் என்று எழுதிய புத்தகம் 1911இல் வந்திருந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹட்சின்சன், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1921இல் வைக்கோலை ரசாயனம் சேர்த்து மக்கவைக்கும் முறையை வெளியிட்டிருந்தார்கள். இவற்றோடு இந்திய விவசாயிகளிடம் பார்த்துக் கற்றதும் சேர்ந்தது. விவசாயிகளும் பயிரைத் தாக்கும் பூச்சிகளும்தான் தன்னுடைய பேராசிரியர்கள் என்று ஹோவர்டு பின்னாளில் எழுதினார்.

1930இல் கேப்ரியல் இறந்தார். 1931இல் முறையை முழுசாக விளக்கும் புத்தகம் வந்தது. அட்டையில் ஹோவர்டோடு இன்னொரு பெயரும் இருந்தது: யஷ்வந்த் டி. வாட். அந்த ஆண்டே ஹோவர்டு இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு இந்தூர் முறை கென்யாவின் காப்பித் தோட்டங்களுக்கும், இலங்கை, தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனது. (அங்கே அதைப் புரட்டிப்போட்ட கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள், அவை எந்த அட்டையிலும் இல்லை.) 1940இல் ஹோவர்டின் 'வேளாண் சாசனம்' வெளிவந்தது. 1942இல் அமெரிக்காவில் ரோடேல் இயற்கை வேளாண்மைக்காகப் பத்திரிகை தொடங்கினார். 1943இல் இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் 'உயிருள்ள மண்' எழுதினார். இயற்கை வேளாண்மை இயக்கம் அங்கே பிறந்ததாகத்தான் பல புத்தகங்கள் சொல்லும். வாட், கேப்ரியல் பேர்கள் அடிக்குறிப்பாகச் சுருங்கின. மால்வா விவசாயிக்கு அதுவும் இல்லை.

வாட் இங்கேயே வேலையைத் தொடர்ந்தார். 1934இல் ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து, இந்தூர் முறையில் குடியிருப்புக் கழிவுகளை எருவாக்குவது பற்றி எழுதினார். 1939 வாக்கில் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா இன்னொரு முறை வகுத்தார். தெருக்குப்பையையும் மனிதக் கழிவையும் பள்ளத்தில் அடுக்கி, மேலே மண் பூசி மூடிவிட வேண்டும், புரட்டத் தேவையில்லை. 1940களில் உணவுப் பஞ்சத்தின் நெருக்கடியில் நகராட்சிகள் இதைக் கையில் எடுத்தன. 1947 டிசம்பரில், பிரிவினையின் ரத்தம் காயாத டெல்லியில், மீராபென் முயற்சியில் அகில இந்திய கம்போஸ்ட் மாநாடு நடந்தது. காந்தி அதைப் பற்றி ஹரிஜன் இதழில் எழுதினார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். மனிதக் கழிவு மண்ணுக்கே திரும்பணும் என்பது சூழலியல் கணக்கில் மிகச் சரி. ஆனால் எடுப்புக் கக்கூஸிலிருந்து அந்தப் பள்ளம் வரைக்கும் அதைச் சுமந்தது யார்? பிறப்பால் அந்த வேலைக்கு என்று ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும்தான். முறையின் படம் வரைந்தவர்கள் ஆழம், அகலம், அடுக்கு எல்லாம் எழுதினார்கள். சுமக்கும் தலை பல படங்களில் இல்லை. அந்த வேலையைத் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது, மறுபடி 2013இல் கடுமையாக்கப்பட்டது. 'எதுவும் வீணாகல' என்று பழைய காலத்தைப் புகழும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதணும்.

அடுப்புப் பக்கம் திரும்புவோம். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்காயர் படிப்பும் அமெரிக்காவின் கொலம்பியாவில் பொருளாதாரமும் படித்தவர். வார்தாவின் மகன்வாடியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' அங்கே உருவான விளக்கு. தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் பொருளை நம்பிய வாழ்க்கை, மறுபடி மறுபடி விளையும் பொருளை நம்பிய வாழ்க்கை என்று பிரித்துப் பார்த்தவர் அவர். 'நிலைத்த பொருளாதாரம்' புத்தகத்தை 1945 வாக்கில் எழுதினார், அதுவும் சிறையில். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் வந்து தங்கினார். 1953இல் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை விளக்கி ஒரு சிறு நூல் போட்டார். புகைபோக்கி வைத்த மண் அடுப்பு அது. இருமலும் கண்ணெரிச்சலும் சமையலோட ஒரு பகுதி என்று விட்டுவிடாமல் யோசித்தவர்.

அடுப்புக்கா வயலுக்கா என்ற கேள்விக்கு 'இரண்டுக்கும்' என்று பதில் சொன்னது சாண எரிவாயுக் கலன். சாணம் காற்றில்லாமல் நொதிக்கும்போது வரும் மீத்தேன் அடுப்பில் எரியும். தழைச்சத்து பெரும்பாலும் கரைசலிலேயே தங்கி வயலுக்குப் போகும். 1950களில் ஜஷ்பாய் படேல் 'கிராமலட்சுமி' என்ற கலனை வடிவமைத்தார். 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதைப் பரப்பியது. கேட்க அழகா இருக்கு. ஆனா குடும்பக் கலன் ஓட நாலைந்து மாடு வேணும், இடம் வேணும், தினமும் தண்ணீர் வேணும். மாட்டுக்காரர் வீட்டில் சாணத்துக்கு மதிப்பு ஏறியதும், அதுவரை சும்மா பொறுக்கிப்போன பெண்ணுக்கு எரிபொருள் இல்லாமல் போகும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

கடைசியில் இந்தக் கேள்வியைச் சத்தமில்லாமல் முடித்துவைத்தது கேஸ் சிலிண்டர். 2006க்குப் பிறகு தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. பெண்களின் நுரையீரலுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்லவே முடியாது. சிலிண்டருக்குள் இருப்பது குமரப்பா கவலைப்பட்ட, தோண்டி எடுக்கும் எண்ணெயின் வாரிசு என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொள்வது கஷ்டம். ஆனா வரலாறு கொடுப்பது இப்படித்தான் இருக்கு.

அடுப்பு விலகியதும் எரு முழுசா வயலுக்குப் போயிருக்கணும் இல்லையா? போகலை. அதற்குள் டிராக்டர் வந்து மாடு குறைந்தது, மூட்டையில் யூரியா வந்தது. நகரத்து வீட்டில் மாட்டுத் தொட்டியே கிடையாது. அங்கே போன காய்த்தோல் இப்ப பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, சென்னையில் என்றால் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போனது. இந்திய நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை. வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள் என்று 2000இல் வந்த விதி சொன்னது, 2016இல் வந்த விதியும் சொன்னது.

அதனால் மாடியில் ஒரு டிரம் வைத்து உரம் செய்பவரை நான் 'பழமைக்குத் திரும்புகிறவர்' என்று நினைப்பதில்லை. அவர் வீட்டில் அடுப்பெரிக்கச் சாணம் தேவையில்லை, சருகும் தேவையில்லை. வோல்க்கர் காலத்துக் குடியானவருக்குக் கிடைக்காத வசதி அது. அந்த வசதியை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. செய்முறை பெரும்பாலும் இந்தூரில் சொன்னதே. டிரம்மின் பக்கவாட்டில் ஓட்டை போடுங்க. காய்த்தோல் ஒரு பங்கு போட்டால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. கோமிய மண்ணுக்குப் பதிலாக ஒரு பிடி தோட்ட மண் அல்லது பழைய உரம். மாட்டுச் சாணம் கிடைத்தால் ரொம்ப நல்லது. பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை புரட்டுங்க. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு கூட்டுங்க. அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிங்க. இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வரும்.

இதில் நகரத்து ஆட்கள் காசு கொடுத்து வாங்குவது எதை என்று பார்த்தால் காய்ந்த பொருளை. தென்னைநார்த்தூள் கட்டியாக விற்கிறது, வாங்கிப் போடுகிறோம். அதே தெருமுனையில் காலை ஆறு மணிக்குக் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் புகைந்துகொண்டிருக்கும். சமைக்க யாருக்கும் அந்தத் தீ வேண்டாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் கூட்டிய தொழிலாளிதான். அடுப்புக்கா வயலுக்கா என்று திண்டாடியவர்களுக்கு ஒரு காரணமாவது இருந்தது.

ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சருகை எரிக்காமல் கொடுங்க என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அப்படியே வீட்டில் எழுபது வயசுக்கு மேல் யாராவது இருந்தால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்க. உங்க ஊரில் சாணி எங்கே போச்சு, குழிக்கா சுவருக்கா? விறகு எங்கிருந்து வந்தது? குப்பையை யார் சுமந்தாங்க? அந்த மூணு பதிலும் கிடைத்தால் உங்க ஊரோட சூழல் வரலாறு பாதி கையில் வந்த மாதிரி.